லேசரால் ஃபைபர் ஒட்டும் கருவி: மாணவர் குழு எதை முதலில் கட்ட வேண்டும்?

கேள்வி: சிங்கப்பூரில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறோம். ஐந்து பேர் குழு. மின்பொறிக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடு லேசரால் சிங்கிள்மோடு ஃபைபர்களை (ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழைகளை) உருக்கி ஒட்டும் கருவி ஒன்றை இரண்டு பருவங்களுக்குள் செய்து காட்ட வேண்டும். லேசர் 30 வாட் வாங்குவதா, 40 வாட் வாங்குவதா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

10 வாட் போதும். அதையும் முழுக்கப் பயன்படுத்த மாட்டீர்கள். 125 மைக்ரான் தடிமனுள்ள இழையை உருக்க அதன்மேல் விழ வேண்டியது சில வாட்தான். லேசரைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே, இரண்டு முனைகளையும் ஒரு மைக்ரானுக்குள் நேர்நிறுத்தி, பத்து நிமிடம் அசையாமல் வைத்து, கேமராவில் அளந்து காட்ட உங்கள் குழுவால் முடிய வேண்டும். இவ்வகைத் திட்டங்கள் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். லேசர் வந்ததும் எல்லோரும் அதைச் சுற்றியே நிற்பார்கள். ஃபைபரைப் பிடிக்கும் பகுதி அரைகுறையாகக் கிடக்கும்.

ஏன் ஒரு மைக்ரான்? வழக்கமான சிங்கிள்மோடு ஃபைபரில் ஒளி போகும் நடுப்பகுதியான கோர் 8.2 மைக்ரான், அதைச் சுற்றிய கண்ணாடியான கிளாடிங் 125 மைக்ரான். 1550 நானோமீட்டரில் ஒளி பரவி நிற்கும் வட்டத்தின் விட்டம், அதாவது மோடு ஃபீல்டு, 10.4 மைக்ரான். இரண்டு கோர்களும் பக்கவாட்டில் அரை மைக்ரான் விலகினால் இழப்பு 0.04 டெசிபெல். 1 மைக்ரானுக்கு 0.16. 2 மைக்ரானுக்கு 0.64. விலகல் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும் என்பதை மனத்தில் வையுங்கள். கோணத்தில் 1 டிகிரி பிசகினால் ஏறக்குறைய 0.3 டெசிபெல் போய்விடும். முன்மொழிவில் 0.02 டெசிபெல் என்று எழுதிக் கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். கோரைப் பார்த்து நேர்நிறுத்தும் நல்ல மின்பொறிக் கருவிகள் தொடும் எண் அது. சராசரி 0.1 டெசிபெல் என்பது உங்களுக்கு நேர்மையான இலக்கு.

இனி பிடிமானம். ஃபைபரின் மேற்பூச்சை உரித்து, கிளாடிங்கை வி-வடிவப் பள்ளத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். பள்ளத்தின் விளிம்பிலிருந்து ஒட்டுமிடம்வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளம்தான் இங்கே வில்லன். எந்த ஃபைபருக்கும் இயல்பாகச் சிறு வளைவு உண்டு. வளைவு ஆரம் 4 மீட்டருக்குக் குறையாது என்றுதான் தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். அந்த ஆரத்தில் 10 மில்லிமீட்டர் நீட்டினால் முனை 12.5 மைக்ரான் ஒதுங்கும். 5 மில்லிமீட்டருக்கு 3 மைக்ரான், 3 மில்லிமீட்டருக்கு 1 மைக்ரானுக்குச் சற்று மேல். லேசர் கற்றையும் கேமராவும் இடம் விடும் அளவுக்குப் பள்ளங்களை நெருக்கிவையுங்கள். பள்ளத்தை முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்கில் செய்ய வேண்டாம். அழுத்தத்தில் மெல்ல மெல்ல நெளியும். வயர் கட் செய்யும் பட்டறையில் எஃகில் வெட்டி வாங்குங்கள், அல்லது ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்குங்கள். மூடிக்குச் சிறு காந்தமும் அடியில் மெல்லிய ரப்பரும் போதும்.

முனைகளை நகர்த்தும் ஸ்டேஜில் பக்கவாட்டு அச்சு இரண்டும் கையால் திருகும் டிஃபரென்ஷியல் மைக்ரோமீட்டராக இருக்கலாம். நீளவாக்கில் தள்ளும் அச்சுக்கு மட்டும் மோட்டார் கட்டாயம், ஏனென்றால் கண்ணாடி உருகிய சில நூறு மில்லி வினாடிக்குள் தள்ளியாக வேண்டும். இடவலப் பகுதிகள் இரண்டும் ஒரே உலோகம், ஒரே உயரம், ஒரே வடிவமாக இருக்கட்டும். 100 மில்லிமீட்டர் அலுமினியம் 1 டிகிரி சூட்டுக்கு 2.3 மைக்ரான் நீளும். நம்மூர் ஆய்வுக்கூடங்களில் ஏசி ஓடி நின்று ஓடும்போது 1 டிகிரி ஏறி இறங்குவது சாதாரணம். இருபுறமும் ஒன்றுபோல் நீண்டால் வேறுபாடு கழிந்துவிடும்.

கேமரா இரண்டு வேண்டும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. நீண்ட வேலைத்தூரம் உள்ள 10 மடங்கு ஆப்ஜெக்டிவ், 3.45 மைக்ரான் பிக்சல் கேமரா என்று எடுத்தால் ஒரு பிக்சலுக்கு 0.345 மைக்ரான். 125 மைக்ரான் அகலத்தில் கிளீவ் முகம், அதாவது இழையை வெட்டிய முனை, 1 டிகிரி சாய்ந்திருந்தால் ஓரத்துக்கு ஓரம் 2.2 மைக்ரான், அதாவது ஆறு பிக்சல் வேறுபாடு தெரியும். அரை டிகிரிக்கு மூன்று பிக்சல். மென்பொருள் இதை அளந்து, அரை டிகிரிக்கு மேல் போனால் "மறுபடி வெட்டு" என்று நிறுத்தட்டும். பின்னாலிருந்து நீல எல்இடி வெளிச்சம் கொடுத்து, கேமரா முன் நீலத்தை மட்டும் விடும் ஃபில்டர் போடுங்கள். 2,000 டிகிரிக் கண்ணாடியின் தழலில் நீலம் குறைவு. எனவே உருகும்போதும் விளிம்பு தெளிவாகத் தெரியும். ஆப்ஜெக்டிவ் முன்னால் ஒரு மெல்லிய மைக்ரோஸ்கோப் கவர் கிளாஸை வைத்தால், சிதறும் லேசரும் படியும் சிலிகாப் புகையும் அதோடு நிற்கும். அழுக்கானதும் மாற்றிக்கொள்ளலாம்.

இழையை வெட்டும் கிளீவரைச் செய்ய முயலாதீர்கள், வாங்குங்கள். அது தனித் திட்டம். 30 மில்லிமீட்டர் உரித்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த நூல் உதிராத தாளால் துடைத்து, பிறகு வெட்டுங்கள். வெட்டிய முகத்தை எக்காரணம் கொண்டும் துடைக்கக் கூடாது. வெட்டுத்துண்டுகளை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது லேசர். 10.6 மைக்ரான் அலைநீளத்தைக் கண்ணாடி விழுங்கிவிடும். அறை வெப்பத்தில் சில பத்து மைக்ரான் ஆழத்துக்குள்ளும், உருகுநிலையில் சில மைக்ரானுக்குள்ளுமே ஆற்றல் முழுக்க அடங்கிவிடும். சாதாரணக் கண்ணாடி லென்ஸ் உதவாது, சிங்க் செலனைடு லென்ஸ்தான். மேல்தோல் மட்டும் சூடாவதால் உள்ளே வெப்பம் கடத்தலால்தான் போக வேண்டும். 125 மைக்ரான் இழையின் குறுக்கே அது பரவ ஏறக்குறைய 20 மில்லி வினாடி ஆகும். இழையின் தடிமன் 400 மைக்ரான் ஆனால் பத்து மடங்கு, அதாவது 200 மில்லி வினாடி. 5 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் லேசரின் ஏற்ற இறக்கம் இழைக்கு உறைக்காது என்பது இதில் உள்ள ஆதாயம். ஒருபுறம் மட்டும் அடித்தால் எதிர்ப்பக்கம் நூறு டிகிரிக்கு மேல் ஆறியிருக்கும், ஒட்டு கோணும் என்பது இதிலுள்ள வில்லங்கம். இழைக்குப் பின்னால் தங்கப்பூச்சுக் குழியாடி ஒன்றை வைத்து, தப்பிய கற்றையைத் திருப்பி மறுபக்கத்தில் விழச் செய்யுங்கள். ஆடியைத் துளி சாய்த்து வையுங்கள். கற்றை நேராக லேசருக்குள்ளேயே திரும்பினால் ஆற்றல் தள்ளாடும்.

கற்றையை எவ்வளவு குறுக்குவது? பலரும் இயன்றவரை சிறிதாக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். 4 மில்லிமீட்டர் கற்றையை 63.5 மில்லிமீட்டர் லென்ஸால் குவித்தால் ஏறக்குறைய 260 மைக்ரான் புள்ளி கிடைக்கும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இழைமேல் விழும், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கற்றை 30 மைக்ரான் மேலோ கீழோ நகர்ந்தால் இழை வாங்கும் ஆற்றல் 7 சதவீதத்துக்கு மேல் சரியும். 100 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் புள்ளி 400 மைக்ரான். பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் இழைமேல் விழும், ஆனால் அதே 30 மைக்ரான் நகர்வுக்கு இழப்பு 4 சதவீதமே. குவிய ஆழமும் 4 மில்லிமீட்டரிலிருந்து 10 ஆகிறது. ஆற்றல் உங்களிடம் ஏராளம். நிலைத்தன்மைதான் பஞ்சம். 100 மில்லிமீட்டரையே எடுங்கள்.

இந்த நிலைத்தன்மையை ஏன் இப்படிப் பிடித்துத் தொங்குகிறேன் என்றால், சிலிகா ஒரு குறிப்பிட்ட சூட்டில் சட்டென்று உருகும் பொருளல்ல. 1,700 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கி, வெல்லப்பாகு போலப் படிப்படியாகத் தளரும். ஒட்டுவது 2,000 டிகிரி சுற்றில். அங்கே 20 டிகிரி கூடினால் பாகுநிலை ஏறக்குறைய கால் பங்கு இறங்கிவிடும். ஆற்றலில் 1 சதவீத மாற்றம் 5 முதல் 20 டிகிரி வரை மாற்றும். வெப்பம் கதிர்வீச்சாகப் போகிறதா, காற்றால் போகிறதா என்பதைப் பொறுத்தது. இப்போது லேசர் தானாகவே சில சதவீதம் ஆடும் என்பதைச் சேர்த்துப் பாருங்கள். காலையில் அருமையாக வந்த அமைப்பு பிற்பகலில் இழையைக் கழுத்துபோல் இளைக்க வைப்பதன் காரணம் இதுவே. இழைமேல் ஏசிக் காற்று படுவதும் இதே குழப்பத்தைத் தரும். ஒட்டுமிடத்தைச் சுற்றி மூடி கட்டாயம்.

40 வாட் வேண்டாம் என்றதற்குக் காரணம் இப்போது விளங்கும். உங்களுக்கு வேண்டியது 2 வாட் என்றால் 40 வாட் லேசரை 5 சதவீத டியூட்டியில், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் 5 சதவீத நேரம் மட்டும் எரியவிட்டு, ஓட்ட வேண்டிவரும். 5 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 200 மைக்ரோ வினாடி, அதில் 5 சதவீதம் வெறும் 10. லேசர் முழு ஆற்றலுக்கு ஏறவே பல பத்து மைக்ரோ வினாடி பிடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். அதைவிட 10 வாட் ஆர்எஃப் (ரேடியோ அலையால் இயங்கும்) வகை லேசரை 50, 60 சதவீதத்தில் ஓட்டி, வெளியே பாதியைப் பிரித்தெடுங்கள். பிரித்த பாதி வெப்ப வகைப் பவர் மீட்டர்மேல் விழட்டும். ஆற்றலைக் குறைக்கவும் ஆயிற்று, இடைவிடாமல் கண்காணிக்கவும் ஆயிற்று. ஒட்டத் தொடங்கும் முன் ஷட்டரை மூடி 20 நிமிடம் ஓட விடுங்கள். மலிவாகக் கிடைக்கும் கண்ணாடிக் குழாய் லேசர் பக்கம் போகவே வேண்டாம். அதன் மின்வழங்கி பல்லாயிரம் வோல்ட், ஆளைக் கொல்லும்.

லேசரைக் குளிர்நீரால் ஆற்றும் சில்லர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடுகள் இதைப் பேசுவதில்லை. இரவு ஏசியை அணைத்துவிட்டால் காலையில் அறை 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று கிடக்கும். அப்போது பனிநிலை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியும் வெப்பநிலை, 26 டிகிரி. சில்லரை 18 டிகிரியில் வைத்துத் திறந்தீர்களானால் லேசரின் உட்புறத்திலும் ஆடிகளிலும் நீர் கோத்துக்கொள்ளும். அந்த நிலையில் கற்றையைத் திறந்தால் பூச்சு கருகும். அறை 24 டிகிரி, 60 சதவீதத்துக்கு வரும்வரை காத்திருங்கள், அப்போது பனிநிலை 16 வாக்கில் இருக்கும். சில்லரை 22 டிகிரியில் நிறுத்துங்கள். பத்து வெள்ளிக்குள் கிடைக்கும் ஈரப்பத உணரி ஒன்றை, நிலை சரியில்லாவிட்டால் லேசரை அணைக்கும் இன்டர்லாக்கில் சேர்த்துவிட்டால் மறதிக்கு இடமில்லை. ஆல்கஹால் பாட்டிலையும் திறந்து வைக்காதீர்கள், ஈரத்தை இழுத்து இழைமேல் கறை விடும்.

பாதுகாப்பு. இது நான்காம் வகை லேசர். சிங்கப்பூரில் கதிர்வீச்சுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. வாங்க ஆணை கொடுக்கும் முன்பே உங்கள் கல்வி நிலையத்தின் லேசர் பாதுகாப்பு அதிகாரியிடம் போங்கள். உரிமம், இடம், பயிற்சி மூன்றையும் அவர்தான் சொல்ல வேண்டும். கற்றை கண்ணுக்குத் தெரியாது, எனவே சிவப்பு வழிகாட்டிக் கற்றை ஒன்றை அதே பாதையில் சேருங்கள். மூடி திறந்தால் லேசர் அணையும் இன்டர்லாக், சாவி, அவசர நிறுத்தப் பொத்தான், 10.6 மைக்ரானுக்கென்று சான்று பெற்ற கண்காப்புக் கண்ணாடி. அக்ரிலிக் பலகை சிதறல் ஒளியைத் தடுக்கும், ஆனால் நேர்க்கற்றை பட்டால் எரியும். கற்றை முடியுமிடத்தில் தீச்செங்கல் வையுங்கள். குழியாடி தவிரப் பளபளப்பான உலோகம் எதுவும் பெட்டிக்குள் வேண்டாம். சிங்க் செலனைடு லென்ஸ் உடைந்தால் துண்டுகள் நச்சு. குப்பைத்தொட்டியில் போடாமல் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள்.

ஒட்டும் வரிசைக்குத் தொடக்க எண்கள் தருகிறேன், உங்கள் அமைப்புக்கேற்ப நகர்த்திக்கொள்ளுங்கள். முதலில் கழிவு இழை ஒன்றை வைத்து, 1 வாட்டுக்குக் கீழிருந்து 0.2 வாட் படியாக ஏற்றி, தழல் தெரியும் ஆற்றலைக் குறித்துக்கொண்டு, லென்ஸை மேலும் கீழும் நகர்த்தி அதே ஆற்றலில் தழல் உச்சமாகும் இடத்தில் பூட்டுங்கள். பிறகு இரு முனைகளுக்கும் இடையே 10 மைக்ரான் இடைவெளி. குறைந்த ஆற்றலில் 150 மில்லி வினாடி ஒரு முன்சூடு. தூசி எரியவும் முனையின் கூரோரம் மழுங்கவும் இது. முழு ஆற்றல் தொடங்கி 200 மில்லி வினாடியில் 18 மைக்ரான் தள்ளுங்கள்: இடைவெளி 10, முனைகள் தொட்ட பிறகும் கூடுதலாகத் தள்ளும் மேல்மிகை 8. மொத்தம் 1.5 வினாடி சூடு, பிறகு அரை வினாடியில் படிப்படியாக இறக்கம்.

திரையில் என்ன பார்க்கிறீர்கள் என்பதுதான் உங்கள் ஆசான். சரியான ஒட்டில், இரண்டு கருங்கோடுகளாகத் தெரியும் விளிம்புகள் இடைவெட்டில்லாமல் ஓடும், நடுவிலுள்ள ஒளிப்பட்டை அறுபடாது. முனைகள் தீக்குச்சித் தலைபோல் உருண்டு தனித்தனியாக நின்றால், தள்ளல் தாமதம் அல்லது ஆற்றல் கூடுதல். பரப்பு இழுவிசை இரண்டையும் பின்னுக்கு இழுத்துவிட்டது. ஒட்டுமிடம் இளைத்திருந்தால் சூடு அதிகம் அல்லது மேல்மிகை போதவில்லை. புடைத்திருந்தால் மேல்மிகை கூடுதல். குமிழ் நின்றால் பெரும்பாலும் கிளீவ் ஓரத்தில் சிதைவு, இல்லாவிட்டால் அழுக்கு. ஆற்றலைக் கூட்டிக் குமிழைக் கரைக்கப் பார்ப்பது வீண், வெட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். ஒட்டின் இருபுறமும் வெண்புகை வளையம் படிந்தால் சிலிகா ஆவியாகிப் பக்கத்தில் படிந்திருக்கிறது, ஆற்றலை இறக்குங்கள். எப்போதும் ஒரே பக்கம் கோணினால் குழியாடியைச் சரிபாருங்கள்.

படத்தில் அழகாக இருந்தும் இழப்பு 0.15 என்று நின்றால், கோர் கிளாடிங்கின் நட்டநடுவில் இல்லை என்று பொருள். தரவரையறைப்படி அரை மைக்ரான்வரை விலகலாம். இரு இழைகளிலும் எதிரெதிராக விலகியிருந்தால் 1 மைக்ரான். உருகும்போது பரப்பு இழுவிசை கிளாடிங்குகளைத்தான் ஒன்றாக இழுக்கும், கோர்களை அது அறியாது. சோதனைக்கு ஒரே ஃபைபரை நடுவில் வெட்டி, சுழலாமல் பிடித்து ஒட்டினால் இந்தப் பிசகு பெரும்பாலும் நீங்கும். கருவியின் குறை எது, ஃபைபரின் குறை எது என்று பிரித்தறிய இதுவே எளிய வழி. இழுவைச் சோதனையில் சீக்கிரம் அறுந்தால் லேசரைக் குறை சொல்லாதீர்கள். உரிக்கும்போதோ பள்ளத்தில் அழுத்தும்போதோ விழுந்த கீறல்தான் பெரும்பாலும். தொழிற்சாலையில் ஃபைபர் தாங்கிக் காட்டும் அழுத்தம் 0.69 கிகாபாஸ்கல், அதாவது 8.5 நியூட்டன். பாதியைத் தொட்டாலே ஒட்டுக்கு நல்ல மதிப்பு.

இழப்பை அளக்க, முழு ஃபைபர் வழியே ஆற்றலை அளந்து, நடுவில் வெட்டி, ஒட்டி, மறுபடி அளந்து பாருங்கள். இணைப்பியைக் கழற்றவே கூடாது. கழற்றி மாட்டினாலே நீங்கள் தேடும் 0.1 டெசிபெல் அதில் தொலைந்துவிடும். ஒளிமூலம் அரை மணி நேரம் சூடேறட்டும், 1 சதவீதத்தைப் பிரித்து அதன் ஆட்டத்தையும் கண்காணியுங்கள். ஒட்டுக்கு இருபுறமும் குறைந்தது ஒரு மீட்டர் மேற்பூச்சுள்ள ஃபைபர் இருந்தால் கிளாடிங்கில் கசிந்த ஒளி வழியிலேயே வடிந்துவிடும்.

மதிப்பீட்டில் கண்டிப்பாக ஒரு கேள்வி வரும்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு ஃபைபர் இழுப்பவர்களே மின்பொறிக் கருவியால் சில வினாடியில் ஒட்டுகிறார்களே, லேசர் எதற்கு? உண்மைதான், சாதாரண ஃபைபருக்கு லேசர் தேவையில்லை. மின்முனை தேயாது, உலோகத் துகள் படியாது, தடித்த இழைக்கும் நெடுநேரச் சூட்டுக்கும் ஏற்றது என்பதே லேசரின் பலம். எனவே இரண்டாம் இலக்கு ஒன்று வையுங்கள். மோடு ஃபீல்டு 4 மைக்ரான் சுற்றியுள்ள உயர் என்ஏ (ஒளியை அகன்ற கோணத்தில் ஏற்கும்) ஃபைபர், ஒளியியல் சில்லுகளோடு இணைக்கப் பயன்படுவது. அதைச் சாதாரண ஃபைபரோடு ஒட்டினால் அளவுப் பொருத்தமின்மையால் மட்டும் ஏறக்குறைய 3.5 டெசிபெல் போகும். ஒட்டிய பிறகு சற்றுக் குறைந்த ஆற்றலில் பல வினாடி தொடர்ந்து சூடாக்கினால், சிறிய கோரின் கலப்புப் பொருள் பரவி மோடு ஃபீல்டு விரியும், இழப்பு பன்மடங்கு இறங்கும். நேரத்தை ஒரு அச்சிலும் இழப்பை மறு அச்சிலும் போட்டு வரைந்தால், இறங்கி, அடிதொட்டு, மறுபடி ஏறும் ஒரு வளைவு கிடைக்கும். அறிக்கையின் சிறந்த பக்கம் அதுவாகத்தான் இருக்கும்.

கால அட்டவணை: முதல் 13 வாரப் பருவத்தில் பிடிமானம், கேமரா, தள்ளும் மோட்டார், கிளீவ் அளவீடு. லேசர் இல்லாமலே, இடைவெளி வைத்து இரு முனைகளுக்கும் இடையே ஒளி கடத்திப் பாருங்கள். இரண்டு கண்ணாடி முகங்களின் பிரதிபலிப்பால் வரும் 0.3 டெசிபெல் வாக்கிலேயே எண் நின்றால் நேர்நிறுத்தம் சரி. லேசர், சிங்க் செலனைடு பாகங்களுக்கான ஆணையை முதல் மாதமே கொடுத்துவிடுங்கள். சீனாவிலிருந்து வருவதாக இருந்தால் சீனப் புத்தாண்டையொட்டி வாரக்கணக்கில் ஆலைகள் மூடியிருக்கும், இரண்டாம் பருவத்தின் நடுவே வந்து விழும் தடை அது. ரிலே, இணைப்பி, மின்வழங்கி போன்ற சில்லறைப் பொருள்களுக்குச் சிம் லிம் டவரில் ஒரு மாலை போதும். லென்ஸில் மட்டும் ஒன்று கூடுதலாக வாங்கி வையுங்கள்.